காதால் கேட்ட கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் அரசியல்வாதி ஹென்றி ஃபாசெட்டைப் பற்றி எங்கள் பள்ளியில் பேசவிருக்கிறேன். 1858-இல் வேட்டையின்போது தந்தையின் துப்பாக்கியிலிருந்து சிதறிய ரவைகள் பட்டு, 25 வயதில் இரு கண்களையும் இழந்தவர். ‘தன்னம்பிக்கைச் சிகரம்’ என்று தலைப்பு வைத்திருக்கிறேன். அஞ்சல் துறையில் அவர் என்ன செய்தார்? நம்மை ஆண்டவர்களில் ஒருவரைப் போற்றலாமா என்று சக ஆசிரியர் கேட்கிறார்.

க.

அன்புள்ள க.,

அஞ்சல் துறைப் பொறுப்பு 1880-இல் வந்தது. ஏழைகள் ஒரு பென்னி தபால்தலைகளை அட்டையில் ஒட்டிச் சேமிக்கும் வழியும், 1883-இல் பொதி (பார்சல்) அஞ்சலும் அவர் காலத்தவை. 1884-இல் இறந்துவிட்டார். இவ்வளவு போதும்.

அந்தத் தலைப்பை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள். அதைக் கேட்கும் பிள்ளைகள் ஒரு மனிதரின் கண்களுக்காக இரங்கிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அவர் என்ன கேள்வி கேட்டார் என்பது யாருக்கும் தெரியாது. ஓர் ஆசிரியர் இதைச் செய்யலாமா?

அவர் கேட்ட கேள்வியைச் சொல்கிறேன். 1867 ஜூலையில் துருக்கி சுல்தான் அப்துல் அஜீஸ் லண்டனுக்கு வந்தார். அங்கிருந்து இந்திய ஆட்சியைக் கவனித்த அரசுத் துறையான இந்தியா அலுவலகத்தின் முற்றத்தில் அவருக்கு ஆடம்பரமான நடன விருந்து நடந்தது. செலவை இந்திய வருவாயில் எழுதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஒரிசாவில் சுமார் பத்து லட்சம் பேர் பஞ்சத்தில் மாண்டிருந்தார்கள். உப்புக்கு வரி கட்டிய குடியானவனின் காசில் லண்டனில் விருந்து. நாடாளுமன்றத்துக்கு வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த ஃபாசெட் எழுந்து அதை எதிர்த்தார். பிரிட்டன் அபிசீனியாவின் (இன்றைய எத்தியோப்பியா) மீது நடத்திய படையெடுப்பின் செலவில் ஒரு பகுதியை இந்தியாவின் தலையில் கட்டியதையும் எதிர்த்தார். செலவழிப்பவன் ஒருவன், கட்டுபவன் வேறொருவன், கட்டுபவனுக்கு அந்த அவையில் வாயில்லை என்பதே அவர் திரும்பத் திரும்பச் சொன்னது.

இந்திய வரவுசெலவு விவாதம் கூட்டத்தொடரின் கடைசி நாட்களில்தான் வரும். இருக்கைகள் காலியாகக் கிடக்கும். பிறர் வாசிக்கக் கேட்டு மனத்தில் இருத்திய எண்களை, கையில் தாள் இல்லாமல், அந்தக் காலி இருக்கைகளின் முன்னால் அவர் அடுக்கினார். 1871 முதல் 1874 வரை இந்திய நிதி பற்றி விசாரித்த நாடாளுமன்றக் குழுவில் அமர்ந்து அதிகாரிகளைக் கேள்விகளால் துளைத்தார்.

என் பெரியப்பாவுக்குக் கண் அழுத்த நோயால் பார்வை போனது. ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கையை, பன்னிரண்டு வயதில், நான்தான் அவருக்கு வாசிப்பேன். திண்ணையில் வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பவர், ‘இதரச் செலவு’ என்ற வரியில் கை நின்று, “போன வருஷம் எவ்வளவு போட்டிருந்தான்? அதையும் எடுத்து வாசி” என்பார். என் தோளைப் பிடித்துக்கொண்டு பொதுக்குழுவுக்கு வந்து அதையே கேட்டார். “கண்ணு தெரியாத காலத்துல உங்களுக்கு எதுக்குப் பெரியவரே இதெல்லாம், உக்காருங்க” என்று மேடையிலிருந்து ஒருவர் பரிவோடு சொன்னார். அந்தப் பரிவின்மேல் எனக்கு இன்றுவரை ஆத்திரம் தீரவில்லை. உங்கள் தலைப்பிலும் அதே குரல்தான் கேட்கிறது. பெரியப்பா உட்காரவில்லை. அடுத்த ஆண்டு அறிக்கையில் இதரச் செலவு நான்கு வரிகளாகப் பிரிந்து அச்சாகியிருந்தது. அந்த நான்கையும் என்னை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

உங்கள் சக ஆசிரியரின் கேள்வி நியாயமானது. ஃபாசெட் நமக்கு விடுதலை கேட்டவர் அல்லர். அதை மறைக்காமல் சொல்லுங்கள். 1874-இல் பிரைட்டன் தொகுதியில் அவர் தோற்றபோது, அடுத்த தேர்தல் செலவுக்காக இந்தியாவில் நிதி திரட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பேச்சைக் குறைத்துக்கொண்டு உங்கள் ஊராட்சியின் வரவுசெலவுத் தாள் ஒன்றை வகுப்புக்கு எடுத்துப் போங்கள். ஒரு பிள்ளை வாசிக்கட்டும், மற்றவர்கள் கண்ணை மூடிக் கேட்கட்டும். எந்த வரியில் யார் நிறுத்தச் சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.