அலுவலக வேலையை விட்டு கிராஃபிக் டிசைன் படிக்கலாமா? – கேள்வி பதில்

கணக்கு, நிர்வாகம், மென்பொருள் என்று வெவ்வேறு வேலைகளில் இருப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. நானும் அலுவலக வேலையை விட்டு வடிவமைப்பு படிக்கப் போனவள்தான். இப்போது அதுவே என் தொழில். புதிதாக வருகிறவர்களுக்குக் கற்றும் கொடுக்கிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயது. கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இப்போது தொடங்கினால், கல்லூரியிலிருந்து நேராக வரும் பிள்ளைகளுக்கு நடுவே எனக்கு இடம் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஆனால் அவர்கள் நிற்கும் அதே வரிசையில் போய் நிற்காதீர்கள். ஆண்டறிக்கை, விலைப்பட்டியல், விண்ணப்பப் படிவம் எல்லாமே வடிவமைப்பு வேலைதான். எண்களைக் கண்டு மிரளாத டிசைனர்கள் குறைவு. 1920களில் வியன்னாவில் ஓட்டோ நோய்ராத் புள்ளிவிவரங்களை எளிய உருவப் படங்களாக்கிப் பொதுமக்களுக்கு விளக்கினார். பின்னாளில் 'ஐசோடைப்' என்று பெயர் பெற்ற முறை அது. அவர் பொருளாதாரமும் சமூகவியலும் அறிந்தவர். எந்தத் தரவை எப்படிப் படமாக்குவது என்று தீர்மானித்த மரீ ரைடமைஸ்டர் கணிதமும் இயற்பியலும் படித்தவர். உருவங்களை வரைய கெர்ட் ஆர்ன்ட்ஸ் என்ற ஓவியர் பிறகு வந்து சேர்ந்தார். ஆகவே உங்கள் கணக்கறிவைக் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டாம், தம்பி. அதுதான் உங்கள் மூலதனம்.

கேள்வி: எனக்கு ஓவியம் வரையவே வராது. தகுதி உண்டா?

பதில்: உண்டு. லண்டன் சுரங்க ரயில் வரைபடத்தை 1931இல் புதிய முறையில் வரைந்த ஹாரி பெக் ஒரு பொறியியல் வரைவாளர். உண்மையான தூரத்தையும் வளைவுகளையும் ஒதுக்கிவிட்டு, கிடைக்கோடு, செங்குத்துக்கோடு, 45 பாகைச் சாய்கோடு ஆகியவற்றாலேயே பாதைகளைக் காட்டினார். எங்கே ஏறி எங்கே மாறுவது என்பதுதான் பயணியின் கவலை என்று அவருக்குப் புரிந்திருந்தது. முதலில் அதை ஏற்க மறுத்தார்கள். 1933இல் மக்கள் கைக்கு வந்தது. எதைக் காட்டுவது, எதை விடுவது என்று முடிவெடுக்க முடிந்தால் போதும்.

கேள்வி: மேடம், ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் என்ற வடிவமைப்பு மென்பொருள்கள் இரண்டையும் காணொளிகள் பார்த்தே கற்றுக்கொண்டேன். இதற்கு மேல் வகுப்பு எதற்கு?

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். இல்லஸ்ட்ரேட்டர் 1987இல் வந்தது, ஃபோட்டோஷாப் 1990இல். அதற்கு முன்னும் வடிவமைப்பு இருந்தது. கத்தரியும் பசையும் வைத்துப் பக்கம் கட்டினார்கள். 1919இல் தொடங்கிய ஜெர்மனியின் பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியில், மாணவர்கள் பட்டறைக்குள் போகும் முன்பே வடிவம், நிறம், பொருள்களின் தன்மை ஆகியவற்றைப் பயிலும் அடிப்படை வகுப்பைக் கடக்க வேண்டியிருந்தது. முதலில் கண் பழக வேண்டும் என்பதுதான் காரணம்.

ஒரு பயிற்சி தருகிறேன். ஏதாவது ஒரு நிகழ்ச்சியின் பெயர், நாள், இடம், நேரம் ஆகியவற்றை ஒரு ஏ4 தாளில் அமையுங்கள். ஒரே எழுத்துரு, ஒரே அளவு, கறுப்பு மட்டும். எங்கே வைப்பது என்பதைத் தவிர வேறு எதையும் மாற்றக்கூடாது. பத்துவிதமாகச் செய்தபின் அந்த விவரங்களில் ஒன்றை மட்டும் தடித்த எழுத்தாக்கிப் பாருங்கள். வெற்றிடம் எவ்வளவு பேசுகிறது என்று அப்போது தெரியும். தமிழில் செய்தால் இன்னொன்றும் பிடிபடும்: இகர, ஈகாரக் கொக்கிகள் மேலே ஏறும், உகரச் சுழிகள் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு வைத்த வரியிடைவெளியை அப்படியே விட்டால் வரிகள் ஒன்றோடொன்று முட்டும். எந்த மென்பொருளும் இதை உங்களுக்காகக் கவலைப்பட்டுச் சரிசெய்வதில்லை.

நல்ல வகுப்பு தருவது திருத்தம். உங்கள் வேலையைச் சுவரில் மாட்டி, பத்துப் பேர் முன்னால் "இதை ஏன் இங்கே வைத்தீர்கள்?" என்று கேட்க ஒருவர் வேண்டும். காணொளி கேட்காது. சேரும் முன் அங்கே படித்தவர்களின் வேலைகளைக் கேட்டுப் பாருங்கள்; எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்தால் வேறு இடம் தேடுங்கள்.

கேள்வி: ராஜினாமா கடிதம் தயாராக இருக்கிறது. எப்போது கொடுக்கலாம்?

பதில்: வெளியாள் ஒருவருக்கு ஒரு சிறு வேலையை, ஒரு துண்டறிக்கையையாவது, முழுமையாக முடித்துக் கொடுத்தபின். அவர் மூன்றாம் முறை திருத்தம் கேட்கும்போதும் உங்களுக்கு அதில் ஆர்வம் மிஞ்சியிருக்கிறதா என்று கவனியுங்கள். இந்தத் தொழிலிலும் மின்னஞ்சல், விலைப்புள்ளி, கெடு, நச்சரிப்பு எல்லாம் உண்டு. இவற்றிலிருந்து தப்பிக்கத்தான் வருகிறீர்கள் என்றால் இடம் மாறுவதில் பயனில்லை. சேமிப்பைக் கணக்கிடும்போது படிப்புக் காலத்தை மட்டும் எண்ணாதீர்கள். படித்து முடித்து முதல் சம்பளம் வரும் வரையான மாதங்களையும் சேருங்கள். வீட்டாரிடம் கனவைச் சொல்வதைவிட இந்தக் கணக்கைக் காட்டினால் பேச்சு சுமுகமாகப் போகும்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவே படம் போட்டுவிடுகிறதே, இப்போது போய்ப் படிப்பதா?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. ஒரே விளம்பரத்தைப் பல அளவுகளுக்கு மாற்றித் தருவது போன்ற வேலையை மட்டும் நம்பி இனி இத்துறைக்கு வர வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் ஒரு மருந்துச் சீட்டில் முதியவரின் கண்ணில் முதலில் எது பட வேண்டும் என்பதை யாராவது பொறுப்போடு முடிவு செய்தாக வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேலை கேட்கும்போது காட்டும் படைப்புத் தொகுப்பில், அதாவது போர்ட்ஃபோலியோவில், எத்தனை வேலைகள் இருக்க வேண்டும்?

பதில்: ஆறேழு போதும். ஒவ்வொன்றிலும் நீங்கள் கைவிட்ட வரைவுகளில் சிலவற்றையும், ஏன் கைவிட்டீர்கள் என்பதையும் காட்டுங்கள்.

கேள்வி: திரையில் பளிச்சென்று இருந்த நிறம் அச்சில் மங்கிவிட்டது. என்ன தவறு?

பதில்: திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளைக் கலக்கிறது, அச்சு சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு மைகளைக் கலக்கிறது. திரையில் தெரியும் சில பளீர் நிறங்கள் மையில் கிடைக்கவே கிடைக்காது. உங்கள் கணினிக் கோப்பினை இந்த நான்கு மைகளின் சி.எம்.ஒய்.கே. முறைக்கு மாற்றி, படங்களை அச்சு அளவில் 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) வைத்து, விளிம்பைத் தொடும் நிறங்களை வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. நீட்டிவிடுங்கள். மொத்தமாக அச்சடிக்கும் முன் அச்சகத்தில் ஒரு புரூஃப், அதாவது மாதிரி அச்சு, கேட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.