கிழவிப் படமல்ல, உங்கள் பதிவுதான் வழக்கு

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கிறேன். முன்பள்ளி ஆசிரியை. வயது 31. என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன பண்டாரவளைக் குடும்பம் சம்மதம் சொல்ல இருந்த நேரத்தில், என் அத்தை மகள் எனது பேஸ்புக் படத்தை எடுத்து, முகத்தை வயதாக்கிக் காட்டும் செயலியில் போட்டு, ‘மாப்பிள்ளை வரும் காலத்தில் எங்கள் மதினி’ என்று எழுதிச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். சம்பந்தம் நின்றுவிட்டது. அன்றிரவே நானும் பேஸ்புக்கில் ஒரு பதிவு போட்டேன். எங்கள் அப்பாயியின் சேமலாப நிதிப் பணத்தை ஏமாற்றி எடுத்தவள் அவள் என்று, அவள் வேலை செய்யும் அடகுக் கடையின் பெயரோடு எழுதினேன். அது உண்மை. இப்போது அவளுடைய சட்டத்தரணி 50 இலட்சம் ரூபா நட்டஈடு கேட்டு, 14 நாள் தவணை கொடுத்து, ஆங்கிலத்தில் கடிதம் அனுப்பியிருக்கிறார். படத்துக்காக அவள்மேலும் அந்தச் செயலி நிறுவனத்தின்மேலும் நான் வழக்குப் போடலாமா?

பதில்: சகோதரி, நீங்கள் எனக்கு எழுதிய நான்கு பக்கங்களில் மூன்றரைப் பக்கம் அந்தப் படத்தைப் பற்றியது. உங்கள் பதிவைப் பற்றி ஆறே வரி. வழக்கு அந்த ஆறு வரிக்குள் இருக்கிறது.

முதலில் படத்தை முடித்துவிடுவோம். நீங்கள் இணைத்திருந்த பிரதியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நரைத்த தலை, தொங்கிய கன்னம், கழுத்தில் மடிப்பு. வலது மூலையில் செயலியின் பெயர் அப்படியே கிடக்கிறது. பார்ப்பவர் எவருக்கும் இது செயலி செய்த படம் என்று தெரியும். உங்களைப் பற்றி ஒரு பொய்த் தகவலை உண்மைபோலச் சொன்னதாக இதை நிறுவுவது மிகக் கடினம். மனம் புண்பட்டது எனக்குப் புரிகிறது, ஆனால் அதை வைத்து மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லமாட்டேன். நீங்களே எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்த படத்தை எடுத்ததற்கு 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் உதவாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒருவர் தன் சொந்த, குடும்பத் தேவைக்காகச் செய்வதைத் தனக்கு வெளியே வைத்துவிட்டது. சம்பந்தம் நின்றதற்கும் வழியில்லை. கலியாணம் செய்கிறேன் என்ற வாக்கு எழுத்தில் இல்லாவிட்டால், அதை மீறியதற்கு நட்டஈடு கேட்கத் திருமணப் பதிவுச் சட்டம் இடம் தராது. உங்களிடம் எழுத்து எதுவும் இல்லை.

செயலி நிறுவனத்தையும் விடுங்கள். இந்த வகைச் செயலிகளில் ஒன்றான, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உருவான ஃபேஸ்ஆப் 2017இல் வந்தது. 2019 ஜூலையில் உலகமே தன் முகத்தைக் கிழடாக்கிப் பார்த்தபோது, அதன் நிபந்தனைகளில் படத்தை நிரந்தரமாகப் பயன்படுத்தும் உரிமை எழுதப்பட்டிருந்தது பெரிய சர்ச்சையானது. பெரும்பாலான படங்களை 48 மணித்தியாலத்துக்குள் அழித்துவிடுவதாக நிறுவனம் சொன்னது. உங்கள் படம் வேறு செயலியில் போயிருந்தாலும் நிலைமை இதுதான்: நிறுவனம் வெளிநாட்டில், நிபந்தனைக்குச் சம்மதம் கொடுத்தது உங்கள் அத்தை மகளின் விரல். படத்தை அழிக்கச் சொல்லி நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், அதற்குக் காசு செலவில்லை. வழக்குக்கு ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள்.

இனி உங்கள் பதிவு. ‘அது உண்மை’ என்று கடிதத்தில் ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் விழும் குழி இதுதான். 2002இல் அவதூறு நம் நாட்டில் குற்றம் என்ற நிலை நீங்கியது. நட்டஈட்டு வழக்கு நீங்கவில்லை. அது ஒல்லாந்தர் காலத்திலிருந்து நம்மிடம் இருக்கும் ரோமன்-டச்சுச் சட்டத்தின்படி நடக்கிறது, அங்கே உண்மை மட்டும் காப்பாற்றாது. சொன்னது உண்மை, அதை ஊருக்குச் சொன்னது பொது நன்மைக்காக என்ற இரண்டையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அப்பாயியின் பணத்தை யார் எடுத்தார் என்பது குடும்பத்து வழக்கு. முகநூலில் போடுவதால் பொதுமக்களுக்கு என்ன நன்மை? முதல் பாதியும் உங்களிடம் இல்லை. அப்பாயி கைநாட்டு வைத்த நாளில் நீங்கள் பக்கத்தில் இருக்கவில்லை; சித்தப்பா சொல்லக் கேட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சித்தப்பா சாட்சிக் கூண்டில் ஏறுவாரா? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்.

‘ஆத்திரத்தில் எழுதினேன்’ என்பதும் முழுதாகக் கைகொடுக்காது. வாய்ச்சண்டையில், சூட்டோடு சூடாக வந்த சொல்லைச் சட்டம் கொஞ்சம் பொறுக்கும். உங்கள் பதிவு இரவு 11 மணிக்குப் போடப்பட்டு, மறுநாள் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் திருத்தப்பட்டிருக்கிறது. திருத்தங்களின் வரலாற்றை பேஸ்புக் அப்படியே காட்டும். அடகுக் கடையின் பெயரைச் சேர்த்தது இரண்டாவது திருத்தத்தில். ஆறிய மனதோடு உட்கார்ந்து சேர்த்ததாகத்தான் எதிர்த்தரப்பு சொல்லும். காசும் நகையும் கையாளும் வேலையில் இருப்பவளைத் திருடி என்று, வேலையிடத்தின் பெயரோடு எழுதியிருக்கிறீர்கள். அவளை மேலாளர் கூப்பிட்டு விசாரித்த கடிதத்தின் பிரதி அவளுடைய கோரிக்கைக் கடிதத்தோடு இருக்கிறது. 50 இலட்சம் கிடைக்காது. ஆனால் ஒன்றும் கிடைக்காது என்று நினைத்துவிடாதீர்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை தபால். அந்தக் கோரிக்கைக் கடிதத்தின் திகதியையும் அது உங்கள் கைக்கு வந்த நாளையும் பார்த்தேன். ஒன்பது நாள் தோட்ட ஆபீசில் கிடந்திருக்கிறது. லயத்துக் காம்பராவுக்குத் தனி முகவரி இல்லாத நம்மவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். நீதிமன்றத்துக்கு அந்தப் பழக்கம் தெரியாது. சிவில் வழக்கில் அழைப்பாணை பதிவுத் தபாலில்தான் முதலில் வரும். நீங்கள் போகாவிட்டால் உங்களைக் கேட்காமலே வழக்கு ஒருதலைப்பட்சமாக முடியும். அந்தத் தீர்ப்பு உங்களிடம் சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து 14 நாளுக்குள், வராததற்குத் தகுந்த காரணம் காட்டி, அதை நீக்கச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து ஓர் ஆட்டோக்காரர் வந்தார். கடன் வழக்கு. ஆபீசில் வந்த கடிதத்தைப் பக்கத்து லயத்துப் பையன் வாங்கி, அவர்களுடைய சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டான். தீர்ப்பை நிறைவேற்றும் நீதிமன்ற அதிகாரியான பிஸ்கால் வந்து ஆட்டோவைப் பட்டியலில் எழுதிக்கொண்டு போன பிறகுதான் இவருக்கு வழக்கு இருந்ததே தெரிந்தது. என்னிடம் வந்தபோது 14 நாள் கடந்து மூன்று கிழமை. அவர் மனைவி அந்தப் பட்டியலை மடிக்கத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. கடன் உண்மையில் பாதிக்கு மேல் கட்டியாகிவிட்டது, ரசீதும் இருந்தது. சொல்ல வேண்டிய நாளில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நாளைக்கே ஆபீசுக்குப் போய், உங்கள் பெயருக்கு எந்தப் பதிவுத் தபால் வந்தாலும் உங்கள் கையிலேயே தர வேண்டும் என்று கிளார்க்கிடம் எழுதிக் கொடுங்கள். தபால்காரரிடமும் சொல்லிவையுங்கள்.

பதிவைத் திருத்த வரலாற்றோடு முழுதாகப் படம்பிடித்து வைத்துவிட்டு நீக்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் இருப்பதையும் சேமித்துக்கொள்ளுங்கள், போனை மாற்றாதீர்கள். அத்தை மகளுக்கு நீங்களாக ‘சொரி’ சொல்லிக் குரல்பதிவு அனுப்ப வேண்டாம். இப்படி ஒருவர் அழுதுகொண்டே அனுப்பிய குரல்பதிவு, ‘பொய் என்று தெரிந்துதான் சொன்னேன்’ என்ற ஒப்புதலாக வழக்கில் வந்து நின்றதைப் பார்த்தவன் நான். பழிக்குப் பழியாகப் பொலிசில் முறைப்பாடும் வேண்டாம், அவளும் போடுவாள்.

சமாதானமாகப் போங்கள். இதை நான் தயங்காமல் சொல்கிறேன். உங்களிடம் கொடுப்பதற்கு ஒன்று இருக்கிறது, வாங்குவதற்கும் ஒன்று இருக்கிறது. நீங்கள் போட்ட அதே பக்கத்தில், கடைப் பெயரும் பணக் குற்றச்சாட்டும் தவறு என்று இரண்டு வரி திருத்தம். அவள் அந்தக் குடும்பக் குழுவில் படத்துக்கு மன்னிப்பு. காசு கைமாறாமல் முடியக்கூடிய விஷயம் இது. சச்சரவுகளைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபைக்கு எழுதிக் கொடுங்கள். பல இடங்களில் வார இறுதியில் பாடசாலைக் கட்டடத்தில்தான் கூடுகிறார்கள், சட்டத்தரணிச் செலவும் இல்லை. இணக்கம் வந்தால் இரண்டு பேரும் கையெழுத்து வைத்து எழுத்தில் வாங்குங்கள். அத்தை வீட்டுத் திண்ணையில் பேசி முடித்ததை நம்பி இருக்காதீர்கள். அப்பாயியின் பணம் உண்மையிலேயே போயிருந்தால் அது தனி விஷயம். அப்பாயியையே கூட்டிக்கொண்டு, சேமலாப நிதி விண்ணப்பங்களைப் பார்க்கும் தொழில் அலுவலகத்துக்குப் போய், பணம் யார் கணக்குக்குப் போனது என்று கேளுங்கள்.

கோரிக்கைக் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருந்தால், ஏன் மறுக்கவில்லை என்று பின்னர் கேட்பார்கள். உங்களுக்கு மிச்சம் ஐந்து நாள். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு சட்டத்தரணியிடம் இந்தக் கிழமையே போங்கள். கடிதத்தோடு அது வந்த உறையையும் கொண்டுபோங்கள். தபால் முத்திரையின் திகதி அதில்தான் இருக்கிறது.