பழுப்பு பூட்ஸும் எரிந்த நோட்டும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

பதின்மூன்று வயதில் பள்ளி நூலகத்தில் எடுத்து, நான்கு சகோதரிகளின் கதையான ‘லிட்டில் விமன்’ நாவலைப் படித்தேன். ஒரு வருஷம் அதில் வரும் இரண்டாவது பெண் ஜோவாகவே திரிந்தேன். இப்போது நாற்பத்தொன்றில் மகளோடு சேர்ந்து மறுபடி படிக்க உட்கார்ந்தால் பக்கத்துக்குப் பக்கம் உபதேசம். கோபப்படாதே, பொறாமைப்படாதே, வேலையைப் பார். “இதையாம்மா உருகி உருகிப் படிச்சே?” என்கிறாள் மகள். நான் அன்று படித்தது வேறு புத்தகமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

மகள் சொல்வது சரிதான். உபதேசம் நிறையவே இருக்கிறது. லூயிசா மே ஆல்காட்டுக்கே இதை எழுத மனமில்லை. பெண்பிள்ளைகளுக்கு ஒரு கதை வேண்டும் என்று பதிப்பாளர் கேட்டார். எனக்குப் பெண்பிள்ளைகளைப் பிடித்ததே இல்லை, என் சகோதரிகளைத் தவிர அதிகம் பேரைத் தெரியவும் தெரியாது என்று 1868இல் நாட்குறிப்பில் முணுமுணுத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தார். அந்தத் ‘தவிர’வை வைத்தே புத்தகத்தை எழுதி முடித்துவிட்டார்.

இரண்டாம் அத்தியாயத்தில் வரும் கிறிஸ்துமஸ் நாடகம் நினைவிருக்கிறதா? வீட்டில் காசு கிடையாது. அட்டையில் கிட்டார். பழைய வெண்ணெய்க் கிண்ணத்தில் வெள்ளித்தாள் சுற்றினால் புராதன விளக்கு. நைந்த பருத்தித் துணியில் ஊறுகாய்த் தொழிற்சாலைத் தகரத் துணுக்கைத் தைத்தால் ராஜ உடை. டப்பா மூடி வெட்டியபின் மிஞ்சிய தகரம் கவசமாகிவிடும். ஆண்களுக்கு அனுமதி இல்லை, ஆகவே ஆண் வேஷமெல்லாம் ஜோவுக்கு. யாரோ ஒரு நடிகரிடமிருந்து கைமாறி வந்த பழுப்புத் தோல் பூட்ஸ்தான் அவளுடைய பெரிய சொத்து. நடுவில் கோபுரம் சரிந்து காதலர்கள் இருவரும் இடிபாட்டில் புதைகிறார்கள். கடைசியில் கைதட்டிக்கொண்டிருந்த சிறுமிகளை அவர்கள் உட்கார்ந்திருந்த மடக்குக் கட்டிலே மடங்கி விழுங்கிவிடுகிறது!

பதின்மூன்றில் நீங்கள் படித்தது இதைத்தான். உபதேசத்தைக் குழந்தைகள் கஷாயம் மாதிரி மடக்கென்று விழுங்கிவிட்டு விளையாட ஓடிவிடுவார்கள். நாற்பதில்தான் அது நாக்கிலேயே நிற்கிறது. அந்த உபதேசம்கூட அங்கே விளையாட்டாகத்தான் தொடங்கியது. அம்மா துணிமூட்டையை முதுகில் கட்டிவிட, சிறுமிகள் அதைப் பாவச்சுமையாக நினைத்துக்கொண்டு நிலவறையிலிருந்து வீட்டு உச்சிவரை ஏறுவார்கள். உச்சிதான் சொர்க்கம்.

பரணில் ஜோ தனியாகத்தான் எழுதுகிறாள். ஆனால் எழுதியதை நடிக்க மற்ற மூவரும் வேண்டும். அதனால்தான் கடைசித் தங்கை எமி ஜோவின் கையெழுத்து நோட்டை எரிப்பது அவ்வளவு வலிக்கிறது. நாடகக் கொட்டகைக்குத் தன்னை விட்டுவிட்டுப் போன கோபம். எங்கே அடித்தால் வலிக்கும் என்று கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதா? பல வருஷ உழைப்பு அடுப்பில் போகிறது. அன்றிரவு அம்மா வழக்கம்போல ‘மன்னித்துவிடு’ என்று காதில் சொல்கிறாள். மாட்டேன் என்கிறாள் ஜோ. உபதேசம் அங்கே தோற்றுப்போகிறது. மறுநாள் உறைந்த ஆற்றில் பின்னால் வரும் தங்கையின் சத்தம் கேட்டும் திரும்பிப் பார்க்காமல் போகிறாள். பனி உடைகிறது. இதையெல்லாம் மழுப்பாமல் எழுதியவரைப் போதகர் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

(நான் வீட்டில் கடைக்குட்டி. எரித்தது தப்பு என்று தெரிந்தும் எமி பக்கம்தான் சாய்வேன்.)

எமிக்கு அசல், லூயிசாவின் கடைசித் தங்கை மே. முதல் பதிப்புக்குப் படம் வரைந்தவரும் அவர்தான். விமர்சகர்கள் அந்தப் படங்களைக் கிழித்தார்கள். அமெரிக்காவின் கான்கார்டில் அவர்கள் வாழ்ந்த ஆர்ச்சர்ட் ஹவுஸின் சுவரில் மே வரைந்தவை இன்றும் இருக்கின்றன. 1879இல், பிரசவமாகிச் சில வாரங்களில் மே இறந்துபோனார். பெண்குழந்தைக்குப் பெரியம்மாவின் பெயரான லூயிசாவையே வைத்திருந்தார்கள். மேயின் விருப்பப்படி குழந்தை கடல் தாண்டிப் பெரியம்மாவிடமே வந்து சேர்ந்தது. லூயிசா தன் கடைசிக் காலம்வரை வளர்த்தார்.

மகளுக்கு முதலிலிருந்து கொடுக்காதீர்கள். நோட்டு எரியும் எட்டாம் அத்தியாயத்தைக் கொடுத்துப் பாருங்கள். அவளுக்கு ஒரு தங்கை இருந்தால், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எதையும் விளக்க வேண்டியிருக்காது.