அப்பாவுக்குச் சொல்லிவிட்டீர்களா?

கேள்வி: 14 வருடமாக ஃபேஸ்புக்கில் இருக்கிறேன், அலுத்துவிட்டது. மாஸ்டடான் என்ற சமூக வலைதளத்துக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டேன். எந்த சர்வரில் சேரலாம்? பழைய போஸ்ட்களைக் கொண்டுபோக முடியுமா? ஃபேஸ்புக் கணக்கை உடனே அழித்துவிடலாமா? நண்பர்கள் 400 பேரும் என்னை மறந்துவிடுவார்களோ என்று கவலையாக இருக்கிறது. பிள்ளைகள் படம்தான் அதிகம் போடுவேன். அப்பா தினமும் காலையில் என் பக்கத்தைப் பார்ப்பார், ஆனால் ஒரு லைக்கூடப் போட மாட்டார்.
– ஒரு வாசகி

பதில்: சகோதரி, 400 பேர் மறந்துவிடுவார்களோ என்று கவலைப்படுகிறீர்கள். தினமும் தேடி வருகிற ஒருவரைக் கடைசி வரியில் எழுதி, அதையும் குறையாக முடித்திருக்கிறீர்கள். லைக் போடாவிட்டால் என்ன? மகள் நன்றாக இருக்கிறாளா, பேரப்பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டுப் போகிறார். அவர் விசாரிக்கிற விதம் அது. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கணக்கை அழித்தால், மறுநாள் காலையில் உங்கள் பெயரைத் தட்டிப் பார்ப்பார், எதுவும் வராது. மகள் தன்னை பிளாக் செய்துவிட்டாளோ என்றுகூட நினைப்பார். அதையும் உங்களிடம் கேட்க மாட்டார். இந்த மாதிரிக் கடிதங்கள் நிறைய வருகின்றன. எல்லோரும் சர்வரைப் பற்றித்தான் கேட்கிறார்கள், வீட்டில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

வயதானவர் தேடிக் கண்டுபிடித்து வரட்டும் என்று விடுவது பிள்ளைகளுக்கு அழகில்லை. நீங்கள்தான் போய்க் கூட்டிவர வேண்டும். ஆகவே வேலையை அவரிடமிருந்து தொடங்குங்கள்.

சர்வர் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மாஸ்டடானை ஒரே நிறுவனம் நடத்துவதில்லை, பலர் தனித்தனியாக நடத்தும் சர்வர்கள் ஒன்றோடொன்று இணைந்தது அது; ஏதாவது ஒன்றில் கணக்கு தொடங்க வேண்டும். மாஸ்டடானின் ‘ஜாயின்மாஸ்டடான்’ தளத்தில் உள்ள பட்டியலிலிருந்து ஒன்றை எடுங்கள். அதில் இடம்பெறும் சர்வர்கள் தினமும் பேக்கப் எடுப்பதாகவும், மூடுவதென்றால் குறைந்தது 3 மாதம் முன்பே அறிவிப்பதாகவும் ஒப்புக்கொண்டவை. பிடிக்காவிட்டால் பிறகு வேறு சர்வருக்கு மாறலாம். உங்களை ஃபாலோ செய்பவர்கள் தானாகவே கூட வருவார்கள், எழுதிய போஸ்ட்கள் வராது. ஒருமுறை மாறினால் அடுத்த 30 நாளுக்கு மறுபடி மாற முடியாது.

அப்பாவுக்கும் அதே சர்வரில் கணக்கு தொடங்குங்கள். இதில் ஒரு காரணம் இருக்கிறது. அவர் வேறு சர்வரில் இருந்தால், அவர் ஃபாலோ செய்வதற்கு முன் நீங்கள் போட்ட படங்கள் பெரும்பாலும் அங்கே போய்ச் சேராது. பக்கத்தைத் திறந்ததும் காலியாக இருந்தால் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று போனை ஓரமாக வைத்துவிடுவார்.

பப்ளிக் போஸ்ட்களைக் கணக்கில்லாமலே யார் வேண்டுமானாலும் பிரவுசரில் பார்க்கலாம், அப்பா பார்க்க அதுவே போதும் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் படம் போடுகிற நீங்கள் அப்படி விடாதீர்கள். போஸ்டிங் அமைப்பில் ‘ஃபாலோயர்கள் மட்டும்’ என்பதை இயல்புநிலையாக வையுங்கள். அதோடு நின்றுவிடக் கூடாது. ‘பிரைவசி அண்ட் ரீச்’ பகுதியில் புதிய ஃபாலோயர்களைத் தானாக ஏற்கும் டிக்கையும் எடுத்துவிடுங்கள். அந்த டிக் இருக்கும்வரை முன்பின் தெரியாத ஒருவர் ஃபாலோ பட்டனைத் தட்டினாலே போதும், ‘ஃபாலோயர்கள் மட்டும்’ படங்களெல்லாம் அவருக்கும் திறந்துவிடும். பலர் தவறுவது இங்கேதான்.

பிறகு அப்பாவின் போனைக் கையில் வாங்குங்கள். செயலியைப் போட்டு, அவர் கணக்கில் நுழைந்து, உங்களை மட்டும் ஃபாலோ செய்யுங்கள். டிக்கை எடுத்துவிட்டதால், அந்தக் கோரிக்கையை உங்கள் கணக்கில் நீங்களே ஏற்க வேண்டும். உங்கள் பக்கத்தில் இருக்கும் மணி அடையாளத்தைத் தட்டினால் நீங்கள் படம் போட்டதும் அவருக்கு நோட்டிஃபிகேஷன் வரும். அங்கேயே உங்கள் பூஸ்ட்களை, அதாவது நீங்கள் பகிரும் மற்றவர்களின் போஸ்ட்களை, மறைக்கும் வசதியும் இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள். மாஸ்டடானின் முகப்பு நேர வரிசையில்தான் ஓடும். அவர் திறந்தால் மேலே இன்றைய படம், கீழே நேற்றையது. உங்களையும் பேரப்பிள்ளைகளையும் தவிர அங்கே வேறு எதுவும் இருக்காது. பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி, அவர் வழக்கமாக முக்கியமான தாள்களை வைக்கிற இடத்தில் வையுங்கள். மறந்தால் மீட்க மின்னஞ்சல் வேண்டும், அதனால் அவரால் திறக்க முடிகிற மின்னஞ்சலைக் கொடுத்தே கணக்கு தொடங்குங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. இங்கே தனிச்செய்திக்கு எண்ட் டு எண்ட் குறியாக்கம் கிடையாது, சர்வரை நடத்துபவர் நினைத்தால் படிக்க முடியும். மேலும், தனிச்செய்திக்குள் யார் பெயரை @ போட்டு எழுதினாலும் அந்தச் செய்தி அவருக்கும் போய்விடும். அண்ணனைப் பற்றி அப்பாவிடம் குறை சொல்லும்போது அண்ணன் கணக்கின் பெயரை @ போட்டு எழுதினீர்களானால், அதை அண்ணனும் படிப்பார். உடம்பு, பணம், வீட்டுச் சண்டை எல்லாவற்றுக்கும் போன் செய்யுங்கள். சொல்லப்போனால் படம் எவ்வளவு போட்டாலும் வாரம் ஒருமுறையாவது அப்பாவிடம் போனில் பேசத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

இனி ஃபேஸ்புக். பழைய போஸ்ட்களை மாஸ்டடானுக்கு மாற்றும் வழி அதில் கிடையாது, உங்களுக்காகச் சேமித்து வைக்கலாம். அமைப்புகளில் உங்கள் தகவல்களைப் பதிவிறக்கும் பகுதிக்குப் போங்கள். எச்டிஎம்எல் வடிவம், உயர்ந்த படத் தரம், தேதி வரம்பில் தொடக்கத்திலிருந்து இன்றுவரை என்று மூன்றையும் நீங்களே பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தேதி வரம்பைக் கவனிக்காமல் விட்டால் பழைய படங்கள் இல்லாத ஒரு கோப்பு கையில் கிடைக்கும், கணக்கை அழித்த பிறகுதான் அது தெரியவரும். தயாரான கோப்பு சில நாட்களுக்குத்தான் இருக்கும், உடனே இறக்கி இரண்டு இடங்களில் வையுங்கள். ஃபேஸ்புக் கணக்கைக் கொண்டு நுழைகிற மற்ற செயலிகளில் மின்னஞ்சலையும் புதிய பாஸ்வேர்டையும் கொடுத்துவிடுங்கள். கணக்கோடு மெஸஞ்சரும் போய்விடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

உடனே அழிக்கலாமா என்று கேட்டீர்கள். கூடாது. அழிக்கச் சொன்ன பிறகு 30 நாளுக்குள் மனம் மாறினால் கணக்கை மீட்கலாம், அதன் பிறகு முடியாது. ஆனால் அந்த 30 நாளும் உங்கள் பக்கம் யார் கண்ணுக்கும் தெரியாது, ஆகவே அப்பாவைப் பழக்குவதற்கான அவகாசமாக அதை எண்ணாதீர்கள். குறைந்தது இரண்டு மாதம் இரண்டு இடத்திலும் அதே படங்களைப் போடுங்கள். அந்த 400 பேருக்குப் புதிய முகவரியோடு ஒரு அறிவிப்பு போதும், வருகிறவர்கள் வரட்டும்.

ஒருநாள் காலையில் போன் செய்து, நேற்றுப் போட்ட படத்தில் சின்னவள் என்ன உடை போட்டிருந்தாள் என்று அப்பாவிடம் கேளுங்கள். மாஸ்டடானில் பார்த்ததாகச் சரியாகச் சொன்னார் என்றால், அன்று மாலை பழைய கணக்கை அழித்துக்கொள்ளுங்கள்.