அட்வான்ஸ் கொடுத்தால் பொறுப்பு போய்விடுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கு மாதாமாதம் மகளிர் உரிமைத் தொகை வருகிறது. ரேஷனில் அரிசி இலவசம், டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. போன மாதம் மகளுக்கு வெள்ளிக் கொலுசு வாங்கினார். இப்போது அவளைக் கல்லூரியில் சேர்க்க 5,000 ரூபாய் அட்வான்ஸ் கேட்கிறார். “அரசும் கொடுத்து நாமும் கொடுத்தால் இவர்களுக்குப் பொறுப்பே வராது” என்கிறார் என் கணவர். கொடுக்கலாமா?
– வாசகி, சேலம்

பதில்: கொடுங்கள், சகோதரி. வட்டியில்லாமல் கொடுங்கள்.

நீங்கள் மறுத்தால் அவர் பத்து வட்டிக்குத்தான் போவார். 5,000 ரூபாய்க்கு வட்டி மட்டுமே மாதம் 500. அசல் அப்படியே நிற்கும். கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அவசரத்துக்குக் கேட்க வேறு ஆள் இல்லாதவர்கள் அங்கேதான் போய் நிற்கிறார்கள். உரிமைத் தொகை ஆயிரத்தில் பாதி அந்த வட்டிக்கே போய்விடும்.

கொலுசு உங்களை உறுத்துகிறது, புரிகிறது. ஆனால் கையில் காசு தங்காத வீட்டில் வெள்ளிதான் சேமிப்பு. ஆஸ்பத்திரி செலவு வந்தால் அடகுக் கடைக்கு முதலில் போவது அதுதான். அப்படியே இல்லாவிட்டாலும், பெற்ற மகள் காலில் ஒரு கொலுசு பார்க்க ஆசைப்படுவது குற்றமா என்ன?

அந்தப் பெண் ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவளாக இருந்தால், கல்லூரியில் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். ஆனால் அது சேர்ந்த பிறகுதான் வரும். சேருவதற்கான பணத்தை முதலில் தாய்தான் புரட்ட வேண்டும். அதற்குத்தான் உங்களிடம் வந்திருக்கிறார். பொறுப்பு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இலவசம் சோம்பேறியாக்கும் என்று உங்கள் கணவர் மட்டும் சொல்லவில்லை, படித்த பலரும் சொல்கிறார்கள். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டாத குடும்பங்களுக்கு என்றுதான் 2023-இல் உரிமைத் தொகையைத் தொடங்கினார்கள். ஆயிரம் ரூபாயில் ஒரு கேஸ் சிலிண்டர் வாங்கினால் மிச்சம் கொஞ்சம்தான். அதை நம்பி யாரும் வேலையை விட முடியாது. பணம் வர ஆரம்பித்த பிறகு அந்த அம்மா உங்கள் வீட்டு வேலையைக் குறைத்துக்கொண்டாரா? அதை உங்கள் கணவரிடமே கேளுங்கள்.

சில வீடுகளில் இந்தப் பணம் டாஸ்மாக்குக்குப் போகிறது என்பதை நான் மறுக்கவில்லை. குடும்பத் தலைவியின் கணக்கில் போடுவதில் ஒரு நன்மை உண்டு: கார்டு அவர் கையில் இருக்கும்வரை பணமும் அவர் கையில். ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கிறது என்று பக்குவமாக விசாரியுங்கள். பின் நம்பரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அட்வான்ஸை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மாதம் எவ்வளவு பிடித்தால் தாங்கும் என்பதை அவரே சொல்லட்டும். இன்னொன்று: வீட்டுப் பணியாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் 2007 முதல் நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்திருந்தால் பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகையும் 60 வயதுக்கு மேல் ஓய்வூதியமும் உண்டு. பலருக்கு இது தெரியாது. ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக்கோடு தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு அவரைக் கூட்டிப் போங்கள். அன்றைக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள்.