வாசகர் கேள்வி: அப்ரைட் பேஸுக்கு எந்த ஆம்ப்?

கேள்வி: பல வருடம் மர டபுள் பேஸ் வாசித்தவன் நான். தூக்கிச் சுமக்க முடியாமல் போய், இப்போது எலெக்ட்ரிக் அப்ரைட் பேஸுக்கு மாறிவிட்டேன். கம்பிகளைத் தாங்கும் குதிரையில், அதிர்வை மின்சாரமாக்கும் பீசோ பிக்கப் இருக்கிறது, பேட்டரி எதுவும் கிடையாது. நண்பரின் கிடார் ஆம்பில் சொருகினால் மூக்கடைத்த மாதிரி சத்தம், அடிநாதமே இல்லை. 500 வாட் ஆம்ப் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா? ஸ்பீக்கர் எந்த அளவு? ட்ரம்ஸ் உள்ள சின்ன ஜாஸ் குழுவில் வாசிக்கிறேன், சில பாட்டுக்கு வில்லும் போடுவேன்.

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். அந்த மூக்கடைப்புக்கும் வாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. 500 வாட்டில் சொருகினாலும் அதே மூக்கடைப்புதான், இன்னும் சத்தமாக வரும்.

பீசோ என்பது அழுத்தினால் மின்னழுத்தம் தருகிற ஒரு சின்ன வில்லை, மின்கணக்கில் அது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் ஒரு கெபாசிட்டர். அதைச் சொருகும் ஆம்பின் இன்புட்டில் ஒரு ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து நாம் கேட்காமலேயே ஒரு ஃபில்டராகி, கீழ்ச் சுரங்களை வடிகட்டிவிடுகின்றன. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பிக்கப்பின் கெபாசிட்டர் அளவு 1 நானோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள், கிடார் ஆம்பின் இன்புட் வழக்கமாக 1 மெகா ஓம். சுமார் 160 ஹெர்ட்ஸிலிருந்து கீழே இறங்க இறங்க சத்தம் தேயும். உங்கள் பேஸின் திறந்த கம்பிகளோ 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். நான்குமே அந்தக் கோட்டுக்குக் கீழே! மிஞ்சுவது அடிச் சுரத்துக்கு மேலே எழும் துணைச் சுரங்களான ஹார்மானிக்ஸ் மட்டும்தான். அதே பிக்கப்பை 10 மெகா ஓம் இன்புட் உள்ள ப்ரீ-ஆம்பில் (ஆம்புக்கு முன்னால் சிக்னலைத் தயார் செய்யும் சின்னப் பெட்டி) சொருகினால் கோடு 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், அப்புறம் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை.

நானும் இந்தத் தப்பைச் செய்தவன்தான். ஒருமுறை அவசரத்தில் பீசோவை நேராக மேடை மிக்ஸரின் லைன் இன்புட்டில் சொருகிவிட்டேன், அது 10 கிலோ ஓம் அளவில்தான் இருக்கும். முதல் பாட்டு முழுக்கத் தகர டப்பாவில் ரப்பர் பேண்டை இழுத்துவிட்ட மாதிரி இருந்தது, பக்கத்திலிருந்த ட்ரம்மர் சிரிப்பை அடக்கிக்கொண்டே வாசித்தார். மிக்ஸரில் பேஸ் குமிழைக் கடைசிவரை திருகினேன். இரைச்சல் கூடியதே தவிர சுரம் வரவில்லை. வடிகட்டிப் போனதை ஈக்யூவால் (சுரப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள்) திரும்பக் கொண்டுவர முடியாது.

ஆகவே முதல் செலவு பீசோவுக்கென்று செய்த ஒரு ப்ரீ-ஆம்ப். இன்புட் 10 மெகா ஓம் இருக்கட்டும், கூடவே கீழ் அலைகளை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் இருக்கிறதா என்று பாருங்கள், முடிந்தால் 30லிருந்து 60 ஹெர்ட்ஸ் வரை நகர்த்தக்கூடியதாக. விரல் ஃபிங்கர்போர்டில் மோதுவது, வில் கம்பியில் இறங்குவது, ஸ்டாண்ட் தரையில் அசைவது, இதெல்லாம் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிய அலைகளாகப் போய் ஸ்பீக்கர் கோனை முன்னும் பின்னும் தள்ளும், காதுக்கு ஒன்றும் கேட்காது. கிரில்லைக் கழற்றிவிட்டு, வாசிக்காமல் கம்பியில் உள்ளங்கையால் லேசாகத் தட்டிப் பாருங்கள், கோன் பதறுவது கண்ணுக்கே தெரியும். ஃபில்டரைப் போட்டதும் அது அடங்கும், ஆம்பும் மூச்சு விடும். ஒரே ஆம்பில் திடீரென்று சத்தம் கூடிய மாதிரி தோன்றுவது இதனால்தான்.

உங்களுடையது மாதிரி இல்லாமல், பேஸுக்குள்ளேயே பேட்டரியில் ஓடும் ப்ரீ-ஆம்ப் உள்ளவர்கள் இந்தச் செலவைத் தாண்டிப் போகலாம். மேக்னெட்டிக் பிக்கப்புக்கும் இந்தச் சிக்கல் இல்லை.

சரி, ஸ்பீக்கர். மர பேஸுக்கு அந்தப் பெரிய வயிறுதான் குரல். எலெக்ட்ரிக்கில் வயிறு கிடையாது, கேபினெட், அதாவது ஸ்பீக்கர் பெட்டிதான் வயிறு. அதனால் ஆம்ப் தலையை (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) விட கேபினெட்டில் கை தாராளமாக இருக்கட்டும். ஆனால் '35 ஹெர்ட்ஸ் வரை போகும்' என்று அட்டையில் போட்டிருப்பதைத் துரத்த வேண்டாம். மர பேஸே கீழ் ஈ-யின் 41 ஹெர்ட்ஸை அதிகம் வெளியே விடுவதில்லை. அதன் பெட்டிக் காற்று நன்றாக முழங்குவது 60 ஹெர்ட்ஸ் பக்கம். 82, 123 என்று மேலே வரும் ஹார்மானிக்ஸை வைத்து நம் காதே அடிச் சுரத்தைக் கட்டிக்கொள்கிறது. 50 வரை சுத்தமாக இறங்கி, 200லிருந்து 1000 வரை ஒளிவுமறைவில்லாமல் பேசுகிற பெட்டி போதும். விரல் கம்பியை விடும் அந்தச் சின்ன 'டொக்', சுரம் எதென்று சொல்லும் தெளிவு, எல்லாம் அந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது.

இன்னொன்று, சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் நிறைய சத்தம், இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது. ஸ்பீக்கர் செய்பவர்கள் இதை ஹாஃப்மனின் இரும்பு விதி என்பார்கள். எவ்வளவு விலை கொடுத்தாலும் இரண்டுதான்.

ட்ரம்ஸோடு வாசிப்பதால் என் தேர்வு ஒரு 12 அங்குலம், 8 ஓம், எடை குறைந்த நியோடிமியம் காந்தம் உள்ளது. ஒரு கையால் தூக்கலாம், படியேறும்போது வாழ்த்துவீர்கள். இரண்டு 10 அங்குலமும் நல்லதுதான். ஒற்றை 8 அங்குலம் வீட்டுப் பயிற்சிக்குச் சரி, ட்ரம்மர் ஸ்டிக்கை எடுத்ததும் காணாமல் போய்விடும். மேல் சுரங்களுக்கான குட்டி ஸ்பீக்கரான ட்வீட்டர் இருந்தால் அதற்குத் தனிக் குமிழ் கட்டாயம் வேண்டும். பீசோவில் வில் போட்டால் 2000, 3000 ஹெர்ட்ஸ் பக்கம் ரம்பம் இழுத்த மாதிரி கீறும், வில்லை எடுக்கும்போது ட்வீட்டரை அடக்கிவிட்டு அந்த இடத்தையும் கொஞ்சம் வெட்டுங்கள். வில்லில் தேய்க்கும் பிசினான ரோசினைக் குறைத்தால் சரியாகும் என்று ஒரு வருடம் நம்பியவன் எழுதுகிறேன்.

வாட்டைக் கடைசியில் பாருங்கள். வாட்டை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான், காதுக்கு 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்று தெரியும், அவ்வளவே. காதுக்கு இரண்டு மடங்கு என்று தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதற்கு 10 மடங்கு வாட். சென்சிட்டிவிட்டி (1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் வரும் சத்தம்) 100 டெசிபல் உள்ள கேபினெட்டில் 250 வாட் தரும் சத்தம், 97 டெசிபல் கேபினெட்டில் 500 வாட்டுக்குச் சமம். கேபினெட்டின் எண்ணைப் பார்க்காமல் ஆம்பின் எண்ணை மட்டும் பார்ப்பது வீண். இருந்தாலும் விரலால் மீட்டும்போது முதல் நொடிப் பாய்ச்சல் பெரிதாக இருக்கும், அதற்கு ஆம்பில் கொஞ்சம் இடம் மிச்சம் வேண்டும். 4 ஓமில் 500 வாட் தரும், கிளாஸ்-டி என்ற எடை குறைந்த வகை ஆம்ப், உங்கள் 8 ஓம் பெட்டியில் ஏறக்குறைய பாதி கொடுக்கும், அது தாராளம். எடை இரண்டு மூன்று கிலோதான். ஆக, 500 வாட் வாங்கச் சொன்னவர்கள் எண்ணைத் தப்பாகச் சொல்லவில்லை, வரிசையைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டார்கள்.

கேள்வி: 8 ஓம் கேபினெட் ஒன்று இருக்கிறது. இன்னொன்று சேர்த்தால் ஆம்ப் போய்விடுமா?

பதில்: போகாது, இரண்டு 8 இணையாக (பேரலல்) சேர்ந்தால் 4 ஓம், பெரும்பாலான ஆம்புக்கு அது எல்லைக்குள்தான், ஆம்பின் பின்பக்கம் அச்சடித்திருப்பதை ஒருமுறை படித்துவிடுங்கள். இரண்டு 4 ஓம் சேர்ந்தால் 2, அங்கேதான் வம்பு. இன்னொரு சங்கதி, ஆம்பிலிருந்து கேபினெட்டுக்கு ஸ்பீக்கர் கேபிள் மட்டும். கிடார் கேபிளும் அதே ஜாக்கில் பொருந்தும், ஆனால் உள்ளே இருப்பது மெல்லிய கம்பி, சூடாகும். ஸ்பீக்கருக்கென்றே செய்த ஸ்பீகான் சாக்கெட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், அதில் தப்பான கேபிள் நுழையவே நுழையாது.

கேள்வி: ஆம்பெக் கம்பெனி பெயருக்கும் டபுள் பேஸுக்கும் சம்பந்தம் உண்டு என்கிறான் என் மாணவன். உண்மையா?

பதில்: உண்மைதான். பேஸ் தரையில் ஊன்றி நிற்கும் அந்த முள்ளுக்குள் மைக் வைத்து, பெட்டிக்குள்ளேயே சத்தத்தைப் பிடிக்கும் யோசனையை எவரெட் ஹல் என்ற பேஸ் வாசிப்பவர் 1940களில் கொண்டுவந்தார். ஆம்ப்ளிஃபைட் பெக், சுருக்கி ஆம்பெக். 1960களில் அதே கம்பெனி 'பேபி பேஸ்' என்ற எலெக்ட்ரிக் அப்ரைட்டையும் விற்றது, சல்சா குழுக்களில் அது இன்றும் மதிப்புள்ள சரக்கு.

கேள்வி: அறையில் வாசித்தால் தெளிவாக இருக்கிறது, மேடையில் ஒரே குமுறல். பாடகி 'பேஸைக் குறை' என்கிறார், எனக்கோ நான் வாசிப்பதே கேட்பதில்லை. ஆம்பை மாற்றவா?

பதில்: ஆம்ப் இருக்கும் இடத்தை மாற்றுங்கள். தரையில் வைத்த கேபினெட் உங்கள் முழங்காலுக்குத்தான் பாடிக்கொண்டிருக்கிறது, காதுக்கு அல்ல. நடுப்பகுதி நேராகத்தான் போகும், கீழ்ச் சுரம் நாலாபக்கமும் பரவும். அதனால் உங்களுக்குத் தெளிவு எட்டாமல், பாடகிக்குக் குமுறல் மட்டும் போய்ச் சேருகிறது. ஒரு ஸ்டூல் மேல் ஏற்றுங்கள், இல்லை முன்பக்கத்தைச் சாய்த்து உங்கள் முகத்தைப் பார்க்க வையுங்கள். மூலையில் வைத்திருந்தால் வெளியே இழுங்கள், இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து பேஸை ஊதிப் பெருக்கும். ஆனால் சுவரிலிருந்து சரியாக 1 மீட்டரில் நிறுத்தினால் 86 ஹெர்ட்ஸ் பக்கம் திரும்பி வரும் அலை எதிர்த்து அடித்து ஒரு பள்ளம் விழும், கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். அப்புறமும் குமுறினால் மொத்த வால்யூமில் கை வைக்காமல் 100லிருந்து 200க்குள் குமுறும் இடத்தைத் தேடி 3, 4 டெசிபல் வெட்டுங்கள். ஒலிக்காரருக்கு டிஐ லைன் (ஆம்பிலிருந்து அவருடைய மிக்ஸருக்கு நேராகப் போகும் இணைப்பு) கொடுக்கும்போது ஈக்யூவுக்கு முன்னால் என்ற பக்கம் சுவிட்சைத் தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் மேடைக்காக நீங்கள் வெட்டியது அரங்கத்துக்கும் போய்விடும்.