ஜெல்லி பீன் வாங்கப் போறீங்களா, முதல்ல ஒண்ண பாதியா கடிச்சுப் பாருங்க

கேள்வி: அக்கா, நாங்க கலிஃபோர்னியா ஃப்ரீமாண்ட்ல இருக்கோம், அடுத்த மாசம் ஊருக்குப் போறோம். சொந்தக்காரப் பசங்களுக்கு ஜெல்லி பீன் மிட்டாய் வாங்கலாம்னு பாத்தா சாதா பை ஒண்ணு சல்லிசா கிடைக்குது, ஜெல்லி பெல்லி பிராண்டுன்னா விலை எங்கயோ போகுது. ரெண்டும் கலர் கலரா பீன்தானே, பேருக்குத்தான் காசா?

பதில்: பேருக்கும் கொஞ்சம் காசு இருக்கும், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டுலயும் ஒவ்வொண்ண எடுத்து பாதியா கடிச்சு உள்ள பாருங்க. சாதா ஜெல்லி பீன்ல கலரும் ருசியும் மேல் ஓட்டுலதான், உள்ள எல்லாத்துக்கும் ஒரே வெறும் இனிப்பு ஜெல்லி, அதனாலதான் பச்சைய தின்னாலும் மஞ்சள தின்னாலும் கொஞ்ச நேரத்துல ஒரே மாதிரி ஆயிடுது. ஜெல்லி பெல்லியில உள்ள இருக்கிற ஜெல்லியிலயே ஃப்ளேவர் போடுறாங்க, சைஸும் சின்னது.

இது 1976ல வந்த ஐடியா. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் டேவிட் க்ளைன்னு ஒருத்தர், ஓக்லாந்துல இருந்த கோலிட்ஸ்ங்கிற மிட்டாய்க் கம்பெனிகிட்ட சொல்லி செய்ய வச்சு ஆலம்ப்ராவுல ஒரு ஐஸ்க்ரீம் கடையில வித்தாரு. முதல்ல வந்தது எட்டே எட்டு ஃப்ளேவர்: செர்ரி, லெமன், க்ரீம் சோடா, டேஞ்சரின், க்ரீன் ஆப்பிள், ரூட் பீர், க்ரேப், லிக்கரிஸ். 1980லயே பேர கம்பெனிக்கு வித்துட்டாரு, அடுத்த வருஷமே அமெரிக்க அதிபர் ரீகன் பதவியேற்பு விழாவுக்கு மூணு டன்னுக்கு மேல போச்சு, கொடி கலர் வேணும்னு சிவப்பும் வெள்ளையும் இருக்க, நீலத்துக்காகவே ப்ளூபெர்ரி ஃப்ளேவர் புதுசா பண்ணாங்களாம். ரீகன் பைப் புகைக்கிறத விடத்தான் ஜெல்லி பீன் திங்க ஆரம்பிச்சாரு. வித்தவருக்கு இதெல்லாம் பாக்க எப்படி இருந்திருக்கும்னு நான் சில சமயம் யோசிப்பேன்.

ஜெல்லி பீனே அதுக்கும் ரொம்ப முன்னாடி வந்தது. 1861ல பாஸ்டன்ல ஷ்ராஃப்ட்னு ஒரு மிட்டாய்க்காரர் உள்நாட்டுப் போர்ல இருக்கிற சிப்பாய்ங்களுக்கு அனுப்புங்கன்னு விளம்பரம் பண்ணாருன்னு ஒரு கதை உண்டு, 1905ல சிகாகோ பேப்பர்ல ஒரு பவுண்டு 9 சென்ட்னு விளம்பரமே வந்திருக்கு. பாக்க முட்டை மாதிரி இருக்கிறதால 1930கள்ல ஈஸ்டர் மிட்டாய் ஆயிடுச்சு. இதுல உங்களுக்கு ஆகுற விஷயம் என்னன்னா ஈஸ்டர் முடிஞ்ச மறுநாள் கடையில பாதி விலைக்குத் தள்ளுவாங்க, ஆனா அதுல நிறைய சாதா ரகம்தான்.

விலைக்கு இன்னொரு காரணம் நேரம். சர்க்கரைப் பாகு, கார்ன் சிரப், ஸ்டார்ச் எல்லாம் காய்ச்சி சோள மாவு அச்சுல ஊத்தி காயவச்சு, அப்புறம் உருளுற ட்ரம்ல போட்டு பாகும் சர்க்கரையும் மாத்தி மாத்தி ஊத்தி ஓடு கட்டுறாங்க, நம்ம ஊர்ல சீரக மிட்டாய் உருட்டுவாங்களே அதே வேலைதான். ஒரு பீன் முடிய ஒரு வாரம் ரெண்டு வாரம் ஆகும்.

காசு மிச்சம் பண்ணணும்னா பெல்லி ஃப்ளாப்ஸ்னு கேளுங்க. ஒட்டிக்கிட்டது, கோணலானது, சைஸ் தப்பினது எல்லாத்தையும் அதே கம்பெனியே தனியா பையில போட்டு விலை கம்மியா விக்குது. ஃபேர்ஃபீல்டுல இருக்கிற அவங்க ஃபேக்டரி கடையில கிடைக்கும், உங்க வீட்ல இருந்து கார்ல போயிட்டு வந்துடலாம். என்ன ஒண்ணு, எந்த ஃப்ளேவர்னு நாம கேக்க முடியாது. திங்கிறதுக்குன்னா அது போதும், கொடுக்கிறதுக்குன்னா டப்பா வாங்குங்க.

கேள்வி: எங்க அத்தை சுத்த சைவம். ஜெல்லின்னாலே மாட்டு எலும்புன்னு சொல்லி தொட மாட்டேங்குறாங்க. என்ன சொல்றது?

பதில்: அத்தை பயப்படுறதுல தப்பே இல்ல, நிறைய ஜெல்லி மிட்டாயில எலும்பு, தோல்ல இருந்து எடுக்கிற ஜெலட்டின் இருக்கு, சில மலிவு ஜெல்லி பீன்லயும் இருக்கு. பாக்கெட் பின்னாடி ஜெலட்டின்னு இருந்தா வாங்காம வச்சுடுங்க. ஜெல்லி பெல்லி பீன்ல ஜெலட்டின் இல்ல, ஸ்டார்ச்சுதான். ஆனா பளபளப்புக்கு தேன்மெழுகும் "கன்ஃபெக்‌ஷனர்ஸ் க்ளேஸ்"னு ஒண்ணும் போடுறாங்க, அந்த க்ளேஸ் வேற ஒண்ணுமில்ல, அரக்கு. மரத்துல அரக்குப் பூச்சி விடுற பிசின், பாண்டவங்கள எரிக்கப் பாத்த மாளிகை கட்டினாங்களே அதேதான், மாத்திரை மேலயும் பூசுவாங்க. இந்திய உணவுச் சட்டத்துல பாலு, தேன், தேன்மெழுகு, அரக்கு இதெல்லாம் அசைவக் கணக்குல வராது. பால், தேன்கூட தொடாத வீகன்காரங்களுக்குத்தான் ஆகாது. இத அப்படியே அத்தைகிட்ட சொல்லிடுங்க, அப்புறம் அவங்க இஷ்டம், மறைச்சு மட்டும் கொடுக்காதீங்க.

கேள்வி: மாமாவுக்கு சுகர். சுகர் ஃப்ரீ ஜெல்லி பீன் வாங்கலாமா?

பதில்: ரெண்டு மூணு வாயில போட்டுக்கிட்டா சரி, கிண்ணத்துல கொட்டி டிவி முன்னாடி வைக்காதீங்க. அதுல சர்க்கரைக்குப் பதிலா மால்டிட்டால்னு ஒண்ணு இருக்கு, அளவு தாண்டினா வயித்தக் கலக்கி பாத்ரூமுக்கு ஓட வைக்கும், பாக்கெட்லயே சின்ன எழுத்துல எழுதியிருக்கும். அதோட சர்க்கரை இல்லன்னா ரத்தத்துல சுகர் ஏறவே ஏறாதுன்னு அர்த்தம் இல்ல, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

பேர் மாத்தி வர்ற சர்க்கரையும் இருக்கு. "எவாப்பரேட்டட் கேன் ஜூஸ்"னு போட்டிருந்தா ஏதோ கரும்புச்சாறுன்னு தோணும், சர்க்கரையேதான். விளையாட்டு வீரர்களுக்குன்னு வர்ற ஸ்போர்ட் பீன்ஸ்ல அப்படிப் போட்டிருந்ததுக்கு 2017ல கலிஃபோர்னியாவுல ஒரு அம்மா கேஸே போட்டாங்க, "ஜெல்லி பீன்ல சர்க்கரை இருக்கும்னு தெரியாதா"ன்னு ஊரே சிரிச்சுது. நான் சிரிக்கல. அப்படி எழுதாதீங்கன்னு அமெரிக்க உணவு மருந்துத் துறை எஃப்டிஏ 2016லயே சொல்லியிருந்துச்சு.

கேள்வி: பையன் பீன்பூசுல்டுன்னு ஒண்ணு கேக்குறான். வாங்கலாமா?

பதில்: அதுல ஒரே கலர்ல ரெண்டு ருசி இருக்கும். பட்டர் பாப்கார்ன்னு நம்பி கடிச்சா அழுகின முட்டையா இருக்கும், பீச்னு நினைச்சா வாந்தி. வாந்தி ருசியே பீட்சா ஃப்ளேவர் பண்ணப் போய் சொதப்பினதுன்னு ஒரு கதை சொல்வாங்க. பசங்க கூடி விளையாடணும்னா வாங்குங்க, ஆனா ஊருக்கு எடுத்துட்டுப் போற மத்த டப்பாவோட கலந்துடாதீங்க. போன தடவ எங்க வீட்ல ஒண்ணு தாத்தா கைக்குப் போயிடுச்சு, இன்னும் அவரு என்கிட்ட இருந்து மிட்டாயே வாங்குறதில்ல.